யாரும் தனியாக ஓடக் கூடாது

ஆரோக்கிய ஷீலா அந்தப் பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த அன்று, விளையாட்டு அறை என்று ஒன்றைத் திறந்து காட்டினார்கள். இரண்டு கேரம் போர்டு, காற்றுப் போன வாலிபால், எலுமிச்சை ஓட்டத்துக்கு ஒரு டஜன் ஸ்பூன். ஸ்பூன்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போன வருஷம் ஒன்று காணாமல் போய்ப் பெரிய விசாரணையே நடந்ததாம்.

காரைக்குடியைத் தாண்டி, தேவகோட்டை சாலையில் இருந்தது கல்லூரி. இடத்துக்குப் பஞ்சமில்லை. பின்பக்கம் பெரிய செம்மண் மைதானம் சும்மா கிடந்தது. ஓரமெல்லாம் சீமைக்கருவேல் மண்டியிருக்க, நடுவில் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். முதல்வர் அகிலாண்டேஸ்வரியின் அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் இருந்தன. எல்லாம் கோலப் போட்டிக்கும் மாறுவேடப் போட்டிக்கும் வாங்கியவை. ஓடி வாங்கிய கோப்பை ஒன்றுகூட இல்லை, அது ஷீலாவின் கண்ணை உறுத்தியது.

உறுத்தக் காரணம் உண்டு. படிக்கிற காலத்தில் அவளும் ஓடியவள்தான். அவள் படித்த கல்லூரியில் ஓடுவதற்கு அவளை விட்டால் நாதி கிடையாது. போட்டிக்குப் போனால் மற்ற கல்லூரிக்காரிகள் ஒரே நிறச் சட்டையில் கும்பலாக உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிவிடுவார்கள். ஷீலா ஓரமாக உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். பதக்கம் ஒன்றிரண்டு வந்தது, கைதட்டத்தான் ஆள் இல்லை. தனக்கென்று ஒரு கல்லூரி கிடைத்தால் அங்கே ஓர் அணியைக் கட்டியே தீருவது என்று அப்போதே மனதில் முடிச்சுப் போட்டு வைத்தாள்.

கிராஸ் கன்ட்ரிதான் அவள் குறி. மைதானத்துக்குள்ளேயே சுற்றாமல், காடு, கரை, வண்டித்தடம் என்று போகிற நீண்ட ஓட்டம். கல்லூரிக்கு ஆறு பேர் ஓட வேண்டும். அதில் முன்னால் வரும் நான்கு பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள். எந்தக் கல்லூரியின் கூட்டுத்தொகை குறைவோ அதற்குக் கோப்பை. ஆகவே ஒருத்தி மட்டும் புலியாக இருந்து பிரயோஜனமில்லை. நாலு பேர் நன்றாக ஓடியாக வேண்டும்.

பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டாள். ஒரு கூட்டமே வந்தது. மைதானத்தை ஒரு சுற்று ஓடச் சொன்னதும் ஒருத்திக்கு வயிற்று வலி வந்தது, ஒருத்திக்கு எழுதாத ரெக்கார்டு நோட்டு ஞாபகம் வந்தது, மிச்சப் பேருக்கு வெயிலில் முகம் கறுத்துவிடும் என்ற கவலை வந்தது. மறுநாள் மாடு மட்டும்தான் மைதானத்தில் நின்றது.

கடைசியில் ஆள் கிடைத்தது பஸ் நிறுத்தத்தில். கல்லூரி விடும் நேரத்துக்கு வரும் டவுன் பஸ், கும்பலைக் கண்டால் நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் மூச்சு விடும். அன்று வாசலில் நின்றிருந்த ஷீலா, தோளில் பையும் இடுப்பில் இழுத்துக் கட்டிய துப்பட்டாவுமாக அந்த பஸ்ஸைத் துரத்திய பெண்களைப் பார்த்தாள். ஒல்லியாக, நெடுநெடுவென்று இருந்த ஒருத்தி எல்லோரையும் முந்திப் போய்ப் படியில் ஒரு காலை வைத்தாள். ஏறி உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்கள் ஏறும்வரை கண்டக்டரோடு சண்டை பிடித்து பஸ்ஸை நிறுத்தி வைத்தாள். கடைசியாக ஓடி வந்தவள் உருண்டை முகத்துக்காரி, அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். அவள் ஏறிய பிறகுதான் முதல் பெண் ஏறினாள், பஸ் கிளம்பியது.

முன்னால் போனவள் முத்துமாரி. செருப்போடு வந்தவள் வின்சி. அந்த பஸ்ஸை அன்றாடம் துரத்தியவர்களில் ஆறு பேரை ஷீலா மறுநாளே வளைத்துப் போட்டாள். சும்மா ஓடுகிற ஓட்டத்தைக் கல்லூரிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள் என்று சொன்னாள், சிரித்துக்கொண்டே சரி என்றார்கள்.

பிள்ளைகள் சரி என்றால் போதுமா, வீடு சரி என்க வேண்டாமா? பயிற்சி என்றால் கல்லூரி விட்ட பிறகு வாசலைத் தாண்டிக் கண்மாய்ச் சாலையில் ஓட வேண்டும், வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போக வேண்டும். ஷீலா வீடு வீடாக ஏறி இறங்கினாள். முதலில் போனது முத்துமாரி வீட்டுக்கு. அவளுடைய அப்பா ஆசைத்தம்பி தச்சு வேலைக்காரர். கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாறிய பெரிய வீடுகளில் கதவு, கட்டில், குளிர்சாதனப் பெட்டிக்கு மரக்கூடு என்று அவருக்கு ஓயாத வேலை. சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வைத்திருந்தார். ஷீலா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஓடட்டும் டீச்சர், நல்ல விசயந்தான். ஆனா ஒருத்தி முன்னால போயி, ஒருத்தி பின்னால தங்கி, பொம்பளப்புள்ள ரோட்டுல தனியா நின்டா யாரு பதில் சொல்றது?"

"யாரும் தனியா ஓட மாட்டாக அண்ணே. ஆறு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வருவாக. ஒருத்திய விட்டுட்டு ஒருத்தி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டா. நான் பொறுப்பு."

ஆசைத்தம்பியின் முகம் தெளிந்தது. அந்த வார்த்தைக்கு இருந்த மவுசைப் பார்த்து, ஷீலா அதையே ஆறு வீட்டிலும் சொன்னாள். வின்சியின் அப்பா சூசைமரியான் தேவகோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வயல் பார்ப்பவர். அவரிடம் இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள், மாதா மேல் சத்தியம் ஒன்றுதான் பாக்கி. பெற்றவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஷீலாவுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். ஒருத்திக்குக் கயிறு அவிழ்ந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். ஒருத்திக்குக் காலில் முள் ஏறினால் எல்லோரும் உட்கார வேண்டும். ஒருநாள் முத்துமாரி ஏதோ உற்சாகத்தில் கண்மாய்க் கரை திரும்பும்வரை தனியாகப் பறந்துவிட்டாள். ஷீலா அவளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து விளாசி எடுத்தாள். உன்னை நம்பித்தானே மற்றவர்களை அனுப்புகிறேன், வின்சி அங்குட்டுத் தனியாக நின்றால் அவள் அப்பாவுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டாள். முத்துமாரி தலையைக் குனிந்தவள்தான், அந்த வருஷம் முழுவதும் பயிற்சியில் அவள் தனியாக ஒரு அடி முன்னால் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைத்தம்பி வேலைக்குப் போகும்போது குட்டியானையின் பின்னால் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போய்க் கானாடுகாத்தானில் இறக்கிவிடுவார். ஓடுவதற்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும். ஒரு வீட்டைச் சுற்றி வந்தால் ஒரு நல்ல சுற்று. நாலு வீட்டைச் சேர்த்துச் சுற்றினால் மூச்சு வாங்கும். ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் மாடியில் நின்று படம் எடுப்பார்கள். முத்துமாரி முன்னால், சந்தனமேரியும் சிகப்பியும் அடுத்து, மற்ற இருவர் அதற்கும் பின்னால், கடைசியில் வின்சி. யாருக்கும் யாருக்கும் நடுவே கைநீட்டுகிற தூரம்தான் இருக்கும், வின்சி மெதுவாகப் போனால் அத்தனை பேரும் மெதுவாகப் போவார்கள்.

இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டு, பல்கலைக்கழகக் கிராஸ் கன்ட்ரிப் போட்டிக்கு முதல்முதலாகப் போனார்கள். புதுச் சட்டை, மஞ்சள் நிறம். ஷீலாவுக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. துப்பாக்கி வெடித்ததும் முத்துமாரி என்ன நினைத்தாளோ, முன்னணிக் கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டாள். பாதித் தூரத்தில் ஷீலா நின்ற இடத்தைத் தாண்டியபோது அவள் முதல் நாலு பேரில் ஒருத்தி. பெருமூச்சுகூட இல்லை, ஏதோ கடைக்குப் போவது போலப் போனாள். ஷீலா முடிவுக் கோட்டுக்கு ஓடிப் போய்க் காத்திருந்தாள். எல்லாக் கல்லூரிச் சட்டையும் வந்தது, மஞ்சளைக் காணவில்லை.

வந்தது ரொம்ப நேரம் கழித்து. ஆறு பேரும் ஒரே வரிசையாக, கடைசிக்குச் சற்று முன்னால் கோட்டைத் தாண்டினார்கள். வளைவில் திரும்பிப் பார்த்த முத்துமாரிக்கு வின்சி கண்ணில் படவில்லையாம். அங்கேயே நின்றுவிட்டாள். சந்தனமேரி வந்தாள், அவளும் நின்றாள். இப்படி ஒவ்வொருத்தியாகச் சேர்ந்து நின்று, வின்சி வந்த பிறகு ஒன்றாகக் கிளம்பியிருக்கிறார்கள்.

"ஒருத்தியக்கூட விடல மேடம்" என்றாள் முத்துமாரி. அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

ஷீலா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினாள். திட்டுவதென்றால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நின்ற ஸ்ரீதர் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர், வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர். பிள்ளைகளைப் பாதயாத்திரைக்கு அழைத்து வந்தீர்களா மேடம் என்று சிரிக்காமல் கேட்டார். ஷீலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்தாள்.

அடுத்த வருஷம் தொடங்கியதும் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அகிலாண்டேஸ்வரி கெட்டவர் அல்ல, கணக்குப் பார்க்கிறவர். சாயங்கால நேரத்தில் அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தச் சொல்லிப் பெற்றோர்கள் கேட்கிறார்களாம். அதே நேரத்தில் ஆறு பேரை வைத்து ஓட்டம் நடத்துவதற்கு ஏதாவது காட்ட வேண்டாமா என்றார். இந்தத் தடவை ஒரு கோப்பை வரட்டும், மைதானத்தை நானே வேலி போட்டுத் தருகிறேன். வராவிட்டால் சாயங்காலம் வகுப்புக்குத்தான் என்று சொல்லி, ஷீலாவுக்கு ஒரு டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

அது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை முத்துமாரி. அவளுக்கு இது கடைசி வருஷம். போட்டியில் முன்னால் வரும் ஆறு பேர் பல்கலைக்கழக அணியில் சேர்ந்து அகில இந்தியப் போட்டிக்குப் போகலாம். அவள் காலுக்கு அந்த இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும், அதைத்தான் அவளால் செய்ய முடியவில்லை.

ஷீலா சொல்லிப் பார்த்தாள். ரோடு வேறு, போட்டி வேறு; போட்டியில் கயிறு கட்டியிருக்கிறார்கள், அங்கங்கே ஆள் நிற்கிறது, யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்றாள். சரி மேடம் என்பாள் முத்துமாரி. ஓட விட்டால் கண்மாய் மடை வரை அம்பு மாதிரி போவாள், மடையைத் தாண்டியதும் கழுத்து தானாகத் திரும்பும், கால் தளரும். முன்கூட்டியே அவளைத் தனியாக அனுப்பிப் பார்த்தாள். போன பிள்ளை மடைக் கட்டையில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருந்தாள். மற்றவர்களைப் பின்னால் வரவிடாமல் நிறுத்திப் பார்த்தாள், அவர்களைத் தேடித் திரும்பியே வந்துவிட்டாள். பழக்கியது யார்? தானேதான். ஷீலாவுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒருவேளை அப்பாவுக்குப் பயப்படுகிறாளோ என்று ஆசைத்தம்பியைப் பார்க்கப் போனாள். கொடுத்த வார்த்தையைத் திருப்பி வாங்கப் போகிறவளுக்கு இருக்க வேண்டிய கூச்சம் அவளுக்கு நிறையவே இருந்தது. அவர் பட்டறையில் ஒரு கட்டில் காலை இழைத்துக்கொண்டிருந்தார். ஷீலா சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தாமல் கேட்டார்.

"ரோட்டுக்குத்தான டீச்சர் கேட்டேன், போட்டிக்கா கேட்டேன்? போயி செயிக்கச் சொல்லுங்க" என்றார்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த முத்துமாரி வெளியே வந்தாள். அப்பா சொன்னது இருக்கட்டும், என்னால் முடியவில்லை என்றாள். வின்சி தனியாக ஓடப் பயப்படுவாள், நாய் குரைத்தாலே நின்றுவிடுவாள், அவளைக் காட்டுக்குள் விட்டுவிட்டு நான் வாங்குகிற இடம் எனக்கு இனிக்காது என்றாள். சொல்லும்போதே கண் கலங்கியது. ஷீலாவுக்கும் அதற்கு மேல் வற்புறுத்த மனம் வரவில்லை. நல்ல குணத்தைக் குற்றம் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? வாசல்வரை வந்து வழியனுப்பிய ஆசைத்தம்பி, போட்டிக்குத் தன் வண்டியிலேயே எல்லோரையும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

போட்டிக்கு முந்தின ஞாயிறு கானாடுகாத்தானில் கடைசிப் பயிற்சி. அன்றும் அதே கதைதான். பூட்டிய வீடு ஒன்றின் முனையில் முத்துமாரி நின்றாள், மற்றவர்களும் நின்றார்கள், கடைசியாக வின்சி வந்து சேர்ந்தாள். திரும்பும்போது குட்டியானையின் பின்னால் ஷீலாவும் அவர்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தூர் தாண்டியதும் வின்சிதான் வாயைத் திறந்தாள். சாதாரணமாக அவள் பேசுவதே குறைவு.

"போன வருசம் நீங்க அம்புட்டுப் பேரும் எனக்காக நின்னீகள்ல" என்றாள். "எல்லாரும் பெருமையா நினைச்சீக. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு யாரும் கேக்கல. அவமானமா இருந்துச்சு. வீட்டுக்குப் போயி அழுதேன்."

வண்டி குலுங்கிக்கொண்டு போனது. முத்துமாரி அவளையே பார்த்தாள்.

"இந்தத் தடவ நீ திரும்பிப் பாத்தியோ, நான் நின்ட இடத்துலேயே உக்காந்துருவேன். அன்னம் தண்ணி இல்லாம அங்கேயே கெடப்பேன். அப்புறம் நீ யாருக்காகக் காத்திருந்தியோ அவ வரவே மாட்டா. மாதா மேல சத்தியமாச் சொல்றேன்."

முத்துமாரி, நாய் வந்தால் என்னடி பண்ணுவாய் என்று மெல்லக் கேட்டாள். அது என் பாடு என்று வின்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் இத்தனை நாளாகப் போட்ட முடிச்சை இந்த உருண்டை முகத்துக்காரி பல்லால் கடித்து இழுக்கிறாள் என்று ஷீலாவுக்குத் தோன்றியது.

போட்டி காளையார்கோவிலுக்கு வெளியே நடந்தது. கண்மாய்க் கரையில் ஏறி, கருவேலங்காட்டுக்குள் நுழைந்து, செங்கல் காளவாசலைச் சுற்றி, மறுபடியும் கரை வழியே திரும்பி வர வேண்டும். கோவிலின் கோபுரம் இரண்டும் தூரத்தில் தெரிந்தன. ஷீலா முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால் கரையின் கடைசி வளைவு மட்டும் கண்ணுக்குப் படும். காட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது ஆண்டவருக்கும் ஓடுகிறவர்களுக்கும்தான் வெளிச்சம்.

முதலில் வளைவில் தெரிந்தவர்கள் ஸ்ரீதரின் பெண்கள் இருவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக நின்றார். அடுத்து மஞ்சள் தெரிந்தது. முத்துமாரிதான், தனியாக வந்தாள். வளைவு திரும்பும் இடத்தில் அவள் கால் தளர்ந்தது, கழுத்து லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஷீலா கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே நெரித்தாள். சாய்ந்த கழுத்து பாதியிலேயே நின்றது. முத்துமாரி முகத்தை நிமிர்த்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்து வந்தாள். மூன்றாவது இடம்.

கோட்டைத் தாண்டியவள் ஷீலாவின் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். விட்டுட்டு வந்துட்டேன் மேடம், விட்டுட்டு வந்துட்டேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஷீலா அவளை அணைத்தபடி பந்தல் நிழலுக்குக் கூட்டிப் போனாள். முகத்தைக் கழுவிவிட்டாள், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள். ஜெயித்த பெண்ணைத் தேற்றுகிற வேலை அவளுக்குப் புதிது. சற்று நேரத்தில் சந்தனமேரியும் சிகப்பியும் மூச்சு வாங்கிக்கொண்டு தாங்களாகவே பந்தலுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் பத்துக்குள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று பேர் ஆயிற்று, நாலாவது ஆள் யார் வந்தாலும் எப்போது வருவாள் என்பதுதான் கேள்வி.

ஆனால் ஷீலாவுக்கு அந்தக் கூட்டல் கழித்தல் எல்லாம் அப்போது ஓடவில்லை. வின்சி காட்டுக்குள் தனியாக இருக்கிறாள். காளவாசலில் நாய் கிடக்கும். முத்துமாரியை மற்ற இருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே கரையேறி நடந்தாள், நடை ஓட்டமாயிற்று. எதிரே மஞ்சள் சட்டை இரண்டு வந்தன, இரண்டும் வின்சி இல்லை. வின்சி எங்கேடி என்று கேட்டாள். பேச மூச்சில்லாமல் அவர்கள் கையை மட்டும் முடிவுக் கோட்டுப் பக்கம் நீட்டிவிட்டு ஓடினார்கள். தாங்கள் போகிற வழியைக் காட்டுகிறார்கள் என்று நினைத்து ஷீலா இன்னும் வேகமாக எதிர்த்திசையில் போனாள்.

காளவாசல்வரை போய்விட்டாள். நாய் ஒன்று நிஜமாகவே படுத்திருந்தது, அவளைப் பார்த்துக் குரைக்கக்கூட எழவில்லை. கடைசி ஓட்டக்காரியின் பின்னால் மெதுவாக பைக்கில் வந்த தொண்டர், இதற்குப் பிறகு யாரும் கிடையாது மேடம் என்றார். உட்கார்ந்துவிடுவேன் என்று சொன்னாளே, எந்தப் புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளோ? சூசைமரியானின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வின்சி, வின்சி என்று கூப்பிட்டுக்கொண்டே காட்டை ஒரு பார்வை பார்த்து, கரையை ஒரு பார்வை பார்த்து, தொண்டை கட்டிப் போய்த் திரும்பி வந்தாள்.

பந்தலில் முத்துமாரியின் மடியில் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு வின்சி ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள்.

"யாரத் தேடிப் போனீக மேடம்?" என்றாள்.

ஷீலா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது வந்தாய் என்று கேட்டாள். முத்துமாரிதான் சொன்னாள். சிகப்பிக்குக் கொஞ்சம் பின்னால், பதினாலாவது ஆளாக வந்திருக்கிறாள். ஷீலா பந்தலுக்குள் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கோட்டைத் தாண்டி, மூச்சு வாங்க அங்குட்டு ஒரு மரத்தடியில் படுத்துக்கொண்டாளாம். அணியின் நாலாவது ஆள் அவள்தான்.

ஷீலா நம்பவில்லை. பயிற்சியில் ஒருநாள்கூட இந்தப் பெண் இவ்வளவு வேகம் ஓடியதில்லை. எப்படிடி என்று கேட்டாள்.

"பயந்தான் மேடம்" என்றாள் வின்சி. "இவளுக எல்லாம் போயிட்டாளுக. காட்டுக்குள்ள திரும்பிப் பாத்தா பின்னால ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சு. முன்னால ஒரு பச்சைச் சட்டைக்காரி போனா. சரி, அவளோட சேந்து போவோம்னு ஓடிப் புடிச்சேன். கொஞ்ச தூரத்துல அவ நடக்க ஆரம்பிச்சுட்டா. அவ நின்டா நான் தனியாயிருவேன்ல? அடுத்தாப்புல ஒரு நீலச் சட்டை. அவளப் புடிச்சேன். அவளும் சொணங்கிட்டா. நம்ம ஆளுக ரெண்டு பேரையும் புடிச்சேன், அவளுகளும் சொணங்கிட்டாளுக. அப்படியே ஒவ்வொருத்தியாப் புடிச்சுப் புடிச்சு வந்தேன்."

ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் குற்றம் சொல்கிற குரலில் முடித்தாள்.

"யாரும் தனியா ஓடக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொன்னீக."

ஷீலாவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. இத்தனை நாளாக இந்தப் பெண் மெதுவாக ஓடியதற்குக் காரணம், எவ்வளவு மெதுவாகப் போனாலும் பக்கத்தில் ஆள் இருக்கும் என்ற நிச்சயம்தான். அதை எடுத்துவிட்டதும் துணை தேடி ஓடியிருக்கிறாள், வழியில் கிடைத்த துணையெல்லாம் இவளுக்கு ஈடு கொடுக்க முடியாமல் போயிருக்கிறது. ஷீலா அவள் தலையைப் பிடித்து ஆட்டினாள், உச்சந்தலையில் ஒரு முத்தமும் கொடுத்தாள்.

கோப்பை இரண்டாவதுதான். முதலாவது வழக்கம்போல ஸ்ரீதருக்கு. அவர் வந்து கைகுலுக்கி, அடுத்த வருஷம் உங்கள் பாதயாத்திரையை நினைத்தால் பயமாக இருக்கிறது மேடம் என்றார். முத்துமாரியின் பெயரைப் பல்கலைக்கழக அணியில் வாசித்தார்கள். முதல்வருக்குப் போனில் சொன்னபோது, கோலப் போட்டிக் கோப்பைகளை இரண்டு தட்டு கீழே இறக்கி வைக்கச் சொல்கிறேன் என்றார். வேலிக்கு ஆள் பார்க்கட்டுமா என்று ஷீலா கேட்டாள், பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

பேச்சுத் தவறாமல் கூட்டிவந்த ஆசைத்தம்பி வண்டியோடு காத்திருந்தார். பெண்கள் ஒருத்தி தலையை ஒருத்தி பின்னிக்கொண்டு, கோப்பையை மடி மடியாகக் கைமாற்றிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். ஷீலா கடைசியாக ஏறும்போது, வின்சி நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு நடுவில் இடம் விட்டாள். ஆசைத்தம்பி பின்கதவைத் தூக்கி மாட்டுவதற்கு முன்னால் வழக்கம்போலக் கேட்டார்.

"எல்லாரும் வந்துட்டாகளா டீச்சர்?"

"வந்துட்டாக அண்ணே. ஒருத்தியக்கூட விடல."